டிரைடென்ட் 1சி: ஒரு கைப்பிடிக்கு எட்டு மாதம்

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, வேலை முடிந்த இரவுகளிலும் விடுமுறை நாட்களிலும், ஹாக்கர் சிட்லி டிரைடென்ட் 1சி விமானத்தை மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் என்ற கணினி மென்பொருளில் மறுபடி உருவாக்கினோம். வெளி உடலை வரைந்து முடிக்க மூன்று மாதம் ஆனது. காக்பிட்டுக்கு ஐந்து மாதம். அந்தக் காக்பிட்டில் இரண்டு பைலட்டுகளுக்கும் நடுவே இருக்கும் ஒரு கைப்பிடியைச் சரியாக வேலை செய்ய வைக்க எட்டு மாதம். இந்த ஆய்வு பெரும்பாலும் அந்த எட்டு மாதத்தைப் பற்றியது. பழைய விமானம் ஒன்றைக் கணினியில் எழுப்பி நிறுத்த நினைக்கும் வேறு யாராவது படித்தால் அவர்களுக்குச் சில வாரங்களாவது மிச்சமாகும் என்று நம்புகிறேன்.

ஏன் டிரைடென்ட்

பிரிட்டிஷ் ஜெட் பயணி விமானங்கள் என்றால் காமெட்டையும் விசி10-ஐயும் தேடி வருபவர்கள் அதிகம். டிரைடென்ட் அவ்வளவு கொடுத்து வைத்ததல்ல. பிஇஏ என்ற பிரிட்டிஷ் ஐரோப்பிய ஏர்வேஸ் நிறுவனத்துக்காக, பின்னர் ஹாக்கர் சிட்லியோடு சேர்ந்துவிட்ட டி ஹாவிலண்ட் முதலில் வரைந்தது இதைவிடப் பெரிய விமானம். ரோல்ஸ்-ராய்ஸ் மெட்வே எஞ்சின்கள் மூன்று அதில் வருவதாக இருந்தது. 1959-இல் பயணிகள் எண்ணிக்கை குறைந்துவிடுமோ என்று பயந்த பிஇஏ, விமானத்தைச் சிறியதாக்கச் சொன்னது. மெட்வே போய், அதைவிடச் சின்ன ஸ்பே எஞ்சின் வந்தது. 1962 ஜனவரி 9 அன்று ஹாட்ஃபீல்டில் டிரைடென்ட் முதல்முறை பறந்தது. அதற்கு ஓராண்டுக்குப் பின்தான் போயிங் 727 பறந்தது. ஆனால் 727 பின்னர் 1,800-க்கும் மேல் விற்றது. டிரைடென்ட் எல்லா வகைகளும் சேர்த்து 117-உடன் நின்றுவிட்டது. 1சி தரையை விட்டு எழும்ப நீண்ட தூரம் ஓடும். அதனால் பைலட்டுகள் அதற்கு ‘கிரிப்பர்’ என்று பெயர் வைத்தார்கள். தரையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் விமானம்.

இதே விமானம்தான் 1965 ஜூன் 10 அன்று பாரிஸிலிருந்து பயணிகளோடு வந்து ஹீத்ரோவில் இறங்கும்போது, தரைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்கிச் சமப்படுத்தும் அந்தக் கடைசிச் செயலை ஆட்டோபைலட்டிடம் விட்டது. பயணிகள் சேவையில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. ஒரே விமானத்தில் இத்தனை முன்யோசனையும் இத்தனை குறையும் சேர்ந்திருப்பது எங்களை இழுத்தது.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஏர் சிலோன் 1969-இல் ஒரு டிரைடென்ட் வாங்கியது. பதிவெண் 4ஆர்-ஏசிஎன். அந்த வண்ணத்தில் இந்த விமானத்தைத் திரையில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஆசைதான் முதல் தவறுக்கும் காரணமானது.

முதல் தவறு

எங்கள் குழுவுக்கு ஆலோசகராக வந்தவர் லண்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர். எழுபதுகளில் ஹீத்ரோவில் விமானப் பராமரிப்பில் இருந்தவர். உடல் வரைந்து முடிந்ததும் ஏர் சிலோன் வண்ணத்தைப் பூசி, நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்து, பெருமையோடு அவருக்கு அனுப்பினேன். மறுநாள் அழைத்தார்.

“தம்பி, சிலோன்காரர் எடுத்தது 1ஈ எல்லோ. நீங்கள் கீறினது 1சி. செட்டைக்கு முன்பக்கத்தை வடிவாய்ப் பாரும்.”

“பெயிண்ட் மட்டும்தானே ஐயா, பறக்கும்போது யாருக்குத் தெரியப் போகிறது?”

“எனக்குத் தெரியும் தம்பி.”

அவர் சொன்னது சரி. 1சி-யில் இறக்கையின் முன் விளிம்பு அப்படியே கீழ்நோக்கி மடங்கும். அதற்கு ட்ரூப் என்று பெயர். 1ஈ முதல் வந்த வகைகளில் அதை எடுத்துவிட்டு ஸ்லாட் வைத்தார்கள்; அது முன்னால் நகர்ந்து, தனக்கும் இறக்கைக்கும் நடுவே ஓர் இடைவெளியைத் திறக்கும். பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் மெதுவாகப் பறக்கும்போது விமானம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அந்த விளிம்புதான் முடிவு செய்கிறது. எங்களிடம் சேர்ந்திருந்த படங்களும் குறிப்புகளும் பெரும்பாலும் 1சி-யைப் பற்றியவை. ஆகவே ஏர் சிலோன் வண்ணத்தைக் கழற்றி வைத்தோம். 1சி-யாகவே முடிப்பது, அதுவும் 1960களின் நடுவில் பிஇஏ ஓட்டிய நிலையில் முடிப்பது என்று தீர்மானித்தோம். ஆண்டைத் தீர்மானிப்பது பெரிய விஷயம் என்பது அப்புறம்தான் புரிந்தது. ஒரே விமானத்தில் பத்தாண்டுகளில் கருவிகளும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. ஆண்டு இல்லாமல் ஆரம்பித்தால் எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு கலவை விமானம்தான் கிடைக்கும்.

அந்தக் கைப்பிடி

1சி-யில் ஃபிளாப்புக்கு, அதாவது இறக்கையின் பின் விளிம்பில் கீழே இறங்கும் பலகைக்கு, ஒரு கைப்பிடி, ட்ரூப்புக்குத் தனியாக ஒரு கைப்பிடி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எழும்பியபின் முதலில் ஃபிளாப்பை உள்ளே இழுப்பார்கள். ட்ரூப் வெளியிலேயே இருக்கும். வேகம் 225 நாட் (மணிக்குச் சுமார் 417 கி.மீ.) வந்தபின்தான் அதை இழுக்க வேண்டும்.

1972 ஜூன் 18 அன்று ஹீத்ரோவிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குக் கிளம்பிய பிஇஏ 548-இல், ஜி-ஏஆர்பிஐ என்ற 1சி-யில், அந்தக் கைப்பிடி 162 நாட் அளவிலேயே இழுக்கப்பட்டது. ஊர்மேல் சத்தம் குறைப்பதற்காக எஞ்சின் விசையையும் அப்போதுதான் குறைத்திருந்தார்கள். எச்சரிக்கையாக ஸ்டிக் ஷேக்கர் ஸ்டியரிங் தண்டை உதறியது. பிறகு ஸ்டிக் புஷர் அதை முன்னால் தள்ளியது. காக்பிட்டில் யாரோ அந்தப் பாதுகாப்பு அமைப்பையே நிறுத்தினார்கள். விமானம் ஆழ்ந்த ஸ்டாலுக்குள், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்து மீளவே முடியாத நிலைக்குள் போய், ஸ்டெய்ன்ஸ் ஊருக்குப் பக்கத்தில் தரையில் மோதியது. கிளம்பி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. 118 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கேப்டனின் இதயம் பாதிக்கப்பட்டிருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. வேகம் போதாதபோது அந்தக் கைப்பிடி அசையாதபடி தடுக்கும் ஏற்பாடு விபத்துக்குப் பின் வந்தது.

இந்தக் கைப்பிடி இல்லாமல் ஒரு 1சி-யை நான் 1சி என்று ஏற்க மாட்டேன். குழுவில் இதில் கருத்து வேறுபாடு இருந்தது. ஃபிளாப்போடு ட்ரூப்பும் சேர்ந்து தானாக நகர்ந்தால் போதும், பயன்படுத்துபவர்களுக்கு அதுதான் எளிது என்றார் ஒரு நண்பர். எளிதுதான். ஆனால் அந்த விமானத்தை ஓட்டியவர்கள் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மனதில் வைத்திருந்த 225 என்ற எண் அதோடு காணாமல் போய்விடும்.

சிமுலேட்டர் அதற்கு ஒத்துழைக்கவில்லை. அதன் வழக்கமான அமைப்பில் ஃபிளாப் கைப்பிடி ஒன்றுதான்; முன் விளிம்பும் பின் விளிம்பும் அதன் படிகளுக்கேற்பச் சேர்ந்தே நகரும். போயிங், ஏர்பஸ் பழக்கத்தில் வளர்ந்த அமைப்பு அது. முதலில் ட்ரூப்பும் ஃபிளாப்பும் சேரும் ஒவ்வொரு நிலையையும் ஒரு படியாக வரிசைப்படுத்தி, திரையில் தெரியும் இரண்டு கைப்பிடிகளும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, உள்ளே மறைந்திருக்கும் ஒற்றைக் கைப்பிடியை நாங்களே நகர்த்தினோம். கண்ணுக்குச் சரியாக இருந்தது. சந்தோஷப்பட்டோம்.

அப்புறம் ஒருநாள் இரவு நான் வேண்டுமென்றே 160 நாட்டில் ட்ரூப்பை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. விமானம் பாட்டுக்குப் பறந்தது. வேகத்தை 140-க்குக் குறைத்தேன், அப்போதும் பறந்தது. கைப்பிடி அசைந்தது, விளிம்பு மடங்கியது, இறக்கைக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை!

காரணம் எங்கள் அவசரம். தொடங்கும்போது கையில் கிடைத்த வேறொரு ஜெட்டின் தூக்குவிசை அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டு, அளவுகளை மட்டும் மாற்றியிருந்தோம். எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் நடுவே உள்ள கோணம் கூடக் கூடத் தூக்குவிசை எவ்வளவு கூடுகிறது, எங்கே உடைந்து விழுகிறது என்பதைச் சொல்வது அந்த அட்டவணை. வேறு விமானத்தின் இறக்கையில் தூக்குவிசை வேறு இடத்தில் உடையும். டிரைடென்டின் இறக்கை வேகத்துக்காக வரையப்பட்டது. பின்சாய்வு 35 டிகிரி. முன் விளிம்பு மடங்காவிட்டால் அதன் தூக்குவிசை சீக்கிரமே உடையும். ஆகவே ட்ரூப் உள்ளே இருக்கும்போது ஒரு வளைவு, வெளியே இருக்கும்போது வேறொரு வளைவு என்று இரண்டைத் தனித்தனியாக எழுதி, ட்ரூப் நகர்ந்துகொண்டிருக்கும் நொடிகளில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மெல்ல மாறும்படி செய்தோம். அந்த மெல்ல மாறுவது முக்கியம். ஆபத்து உருவாவதே அந்த நொடிகளில்தான்.

இப்போது 160 நாட்டில் இழுத்தால் ஸ்டால் வந்தது. ஆனால் விமானம் மரியாதையாக மூக்கைக் கீழே போட்டு, வேகம் சேர்த்து, தானாகவே மீண்டது. பயிற்சி விமானம் மாதிரி. டிரைடென்ட் அப்படி மீளாது. அதன் எஞ்சின்கள் மூன்றும் பின்னால் இருக்கும், கிடைவால் செங்குத்து வாலின் உச்சியில் இருக்கும். கோணம் மிக அதிகமாகும்போது இறக்கையும் எஞ்சின் உறைகளும் கலக்கிவிட்ட காற்று அந்த வாலை மூடிவிடும். மூக்கைக் கீழே கொண்டுவர வேண்டிய வால் செத்த காற்றில் நிற்கும். 1966 ஜூன் 3 அன்று நார்ஃபோக்கில் ஃபெல்தார்ப் அருகே சோதனைப் பறப்பில் ஜி-ஏஆர்பிஒய் நான்கு பேரோடு விழுந்தது இதே காரணத்தால். அதற்கு முன், 1963-இல், பிஏசி ஒன்-இலெவன் விமானத்தின் முதல் மாதிரியும் ஏழு பேரைக் கொண்டுபோனது. ஆழ்ந்த ஸ்டால் என்றால் என்ன என்பதை அந்தத் தலைமுறைப் பொறியாளர்கள் உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றார்கள்.

சிமுலேட்டரின் கணக்கில் வால் எப்போதும் சுத்தமான காற்றில்தான் இருக்கிறது. எனவே கோணம் கூடும்போது வாலின் பலத்தைப் படிப்படியாகக் குறைக்கும் கணக்கு ஒன்றைத் தனியாக எழுதினோம். வந்தது அடுத்த தொல்லை. காற்று குலுக்கும் நாளில் இறங்கும்போது கோணம் ஒரு நொடி கூடினாலும் வாலின் பலம் குறைந்தது, உடனே ஆட்டோபைலட் கூடுதலாக இழுத்தது, கோணம் இன்னும் கூடியது. விமானம் ஊஞ்சல் ஆடியது. குறையத் தொடங்கும் இடத்தைத் தள்ளி வைத்தால் ஆழ்ந்த ஸ்டால் வரவில்லை; கிட்டே வைத்தால் சாதாரணப் பறப்பே கெட்டது. எட்டு மாதத்தில் பாதி இந்த இழுபறியில்தான் போனது. கடைசியில் கோணத்தோடு, அந்தக் கோணத்தில் விமானம் எவ்வளவு நேரம் நிலைத்திருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்தபின் அடங்கியது. காற்றியல் படித்தவர்கள் இதை ஒட்டுப்போட்ட வேலை என்பார்கள். ஒட்டுதான். ஆனால் முடிவு சரியான இடத்தில் வந்து நிற்கிறது.

புஷர் இன்னொரு சிக்கல். நிஜத்தில் அது பைலட்டின் கையோடு மல்லுக்கட்டும். வீட்டு மேசையில் இருக்கும் பிளாஸ்டிக் ஜாய்ஸ்டிக்குக்குள் அந்த விசையை எப்படிக் கொண்டுவருவது? திரையில் தண்டு முன்னால் சாய்கிறது, ஒரு ‘தடக்’ சத்தம், அந்த நேரத்தில் உங்கள் ஜாய்ஸ்டிக் சொல்வதை விமானம் கேட்காது. அதை நிறுத்த வேண்டுமானால் புஷரை முடக்கும் நெம்புகோலை இழுப்பது ஒன்றே வழி. முதல்முறை அது நடந்தபோது என் கை தானாக அந்த நெம்புகோலை நோக்கிப் போனது. விமானம் என்னை மீறுகிறது, அதை நிறுத்த வேண்டும் என்ற உந்துதல்தான். அன்று நான் சிமுலேட்டரை மூடிவிட்டேன்.

ஒரு விஷயத்தை மட்டும் செய்ய மாட்டோம் என்று அன்றே முடிவெடுத்தோம். ஜி-ஏஆர்பிஐ பதிவெண்ணில் வண்ணம் தரவில்லை. அந்த நாளின் பறப்பைத் தயார்நிலைப் பயணமாகவும் வைக்கவில்லை. கைப்பிடியும் அதன் விளைவும் விமானத்தின் இயல்பு, அவை இருக்க வேண்டும். அந்த 118 பேரின் கடைசி நிமிடங்கள் யாருடைய பொழுதுபோக்குக்கும் உரியவை அல்ல.

மூன்று பேர் வேலை, ஒரு நாற்காலி

பிஇஏ டிரைடென்டில் மூன்று பேருமே பைலட்டுகள்: பி1, பி2, பி3. பின்னால் உட்காரும் பி3 மின்சாரம், எரிபொருள், பச்சை, மஞ்சள், நீலம் எனப் பெயரிட்ட மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். மோசமான வானிலையில் இறங்கும்போது பி2 கருவிகளைப் பார்த்தே விமானத்தைக் கொண்டுவருவார். பி1 வெளியே பார்த்துக்கொண்டிருந்து, ரன்வே கண்ணில் பட்டால் வாங்கி இறக்குவார். படாவிட்டால் பி2 மேலே ஏற்றிவிடுவார். பார்ப்பவரும் ஓட்டுபவரும் வேறு வேறு ஆட்கள் என்பது அன்றைக்கு நல்ல யோசனை.

வீட்டில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர். பி3-ஐ முழுக்கத் தானியங்கியாக்கினால் பின்பலகை அலங்காரப் பொருளாகிவிடும். முழுக்கக் கையில் விட்டால் எழும்பும் நேரத்தில் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எழும்பவும் இறங்கவும் பி3 குரல் கொடுத்துத் தானே செய்வார், மற்ற நேரத்தில் அந்த நாற்காலி உங்களுடையது என்று வைத்தோம். இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. பி2 கொண்டுவர, பி1 வாங்கி இறக்கும் முறை மட்டும் நன்றாக வந்திருக்கிறது. மூடுபனியில் கையைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே விளக்குகளைத் தேடும் அந்தக் காத்திருப்பு, தானே ஓட்டுவதைவிடப் படபடப்பாக இருக்கிறது.

ஆட்டோபைலட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்மித்ஸ் நிறுவனத்தின் அமைப்பில் ஒரே வேலையை மூன்று தடங்கள் தனித்தனியாகக் கணக்கிடும். ஒன்று தப்பாகப் போனால் மற்ற இரண்டும் சேர்ந்து அதை விலக்கிவிடும். சிமுலேட்டரில் வரும் ஐஎல்எஸ் அலை, அதாவது விமானத்தை ரன்வேக்கு வழிகாட்டும் ரேடியோ அலை, நூல் பிடித்தது போல நேராக இருக்கும், கருவிகள் பழுதாவதில்லை. தப்பே நடக்காத உலகில் மூன்று எதற்கு? எனவே ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனியாகச் சிறு பிசகு கொடுத்தோம். இப்போது எப்போதாவது ஒரு தடம் விலகி எச்சரிக்கை வரும், அமைப்பு தன்பாட்டுக்குத் தொடரும். முழுத் தானியங்கித் தரையிறக்கம் வேண்டும் என்று பலர் கேட்டார்கள். எங்கள் விமானத்தின் காலம் அதற்கு முந்தையது. கண்ணுக்கு ஏறக்குறைய எதுவும் தெரியாத மூடுபனியில் தானாக இறங்க டிரைடென்டுக்கு மூன்றாம் ஏ வகை அனுமதி 1972-இல்தான் வந்தது, மூன்றாம் பி வகை 1975-இல்.

காக்பிட் நடுவில் ஒரு நகரும் வரைபடம் உண்டு. காகிதச் சுருள் ஒன்று மோட்டாரில் உருள, அதன்மேல் ஓர் ஊசி விமானத்தின் இடத்தைக் காட்டும். உள்ளுக்குள் ஜிபிஎஸ்-ஐ வைத்து ஊசியை ஓட்டுவது பத்து நிமிட வேலை. அப்படிச் செய்யாமல் வேகத்தையும் விலகலையும் கூட்டிக் கூட்டி இடத்தைக் கணக்கிட வைத்தோம். நேரம் போகப் போக ஊசி கொஞ்சம் பொய் சொல்லும், நீங்கள்தான் திருத்த வேண்டும். இதுதான் எனக்கு மிகப் பிடித்த கருவி.

சக்கரமும் சத்தமும்

டிரைடென்டின் மூக்குச் சக்கரம் நடுவில் இல்லை. சுமார் 60 செ.மீ. இடப்பக்கம் தள்ளி நிற்கும். பக்கவாட்டில் மடங்கி உள்ளே போகும். அப்படித் தள்ளியதால் நடுவில் கருவிகள் வைக்க இடம் கிடைத்தது. விமானம் தரையைத் தொடும் இடங்களைச் சிமுலேட்டருக்குச் சொல்லும் பட்டியலில் அந்த எண்ணை எழுதுவது சுலபம். எழுதியதும் பிரேக் போட்டால் விமானம் இடப்பக்கம் இழுத்தது. மூக்குச் சக்கரத்தின் உராய்வைக் குறைத்துச் சரி செய்தோம். சண்டர்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கும் 1சி-யான ஜி-ஏஆர்பிஓ-வைப் போய்ப் பார்த்து வந்த நண்பர், மூக்கின் வளைவை நாங்கள் கொஞ்சம் கூராக வரைந்துவிட்டதைக் கண்டுபிடித்தார். டக்ஸ்ஃபோர்டில் இருப்பது 2ஈ. அதை வைத்து அளந்ததால் வந்த வேறு இரண்டு பிழைகளும் அப்போது திருந்தின.

சத்தத்துக்கு வழி குறைவு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1985 டிசம்பர் 31 அன்று டிரைடென்டை நிறுத்தியது. மறுநாளிலிருந்து வந்த ஒலிக் கட்டுப்பாட்டில் அது பறக்க முடியாது. பக்கனியர் போர் விமானத்திலும் ஸ்பே எஞ்சின்தான், அதைத் தரையில் ஓட்டும் பதிவுகளிலிருந்து தொடங்கினோம். பெரியவருக்குப் போட்டுக் காட்டினேன்.

“உது சண்டைப் பிளேன் சத்தம் தம்பி. உள்ளுக்கை இருந்தா இப்பிடிக் கேக்காது. முன்னுக்கு இருக்கிறவைக்குக் காத்துச் சத்தம்தான், எஞ்சின் எங்கேயோ பின்னாலை.”

காக்பிட் ஒலியில் எஞ்சினைப் பாதியாகக் குறைத்து, காற்றைக் கூட்டினோம். பின்னிருக்கைப் பயணிக்கு மட்டும் ஸ்பேயின் முழுக் கூச்சலையும் விட்டுவைத்தோம். மறுபடி கேட்டுவிட்டு, “இப்ப சரி” என்றார். அந்த இரண்டு சொல்லுக்காக ஆறு வாரம்.

பாக்கி இருப்பவை

வெளி எஞ்சின்கள் இரண்டையும் வானத்திலேயே பின்விசையில், அதாவது வேகத்தைக் குறைக்கும்படி எதிர்ப்பக்கம் தள்ளும் நிலையில் போட்டு, நிமிடத்துக்கு 10,000 அடி வரை இறங்க டிரைடென்டால் முடியும். எங்கள் விமானத்தில் அது இன்னும் சரிவரவில்லை. சிமுலேட்டர் பின்விசையைத் தரைக்கு உரியது என்றே நினைக்கிறது. மேலே போட்டால் இறக்க வேகம் கூடுகிறது, ஆனால் மூக்கு தப்பான பக்கம் சாய்கிறது. 3பி-யின் வாலில் இருக்கும் நான்காவது குட்டி எஞ்சினைப் பற்றி இப்போதைக்கு யாரும் பேச வேண்டாம் என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

போன மாதத்திலிருந்து 1ஈ-யின் இறக்கையைப் புதிதாக வரைந்துகொண்டிருக்கிறோம். ஸ்லாட்டுக்கு வளைவுகளையும் புதிதாகவே எழுதுகிறோம், 1சி-யிலிருந்து எதையும் எடுக்கவில்லை. கழற்றி வைத்த ஏர் சிலோன் வண்ணம் அப்படியே இருக்கிறது. முதல் படத்தைப் பெரியவருக்குத்தான் அனுப்புவேன், இந்த முறை செட்டையின் முன்பக்கத்தைக் கிட்டத்தில் எடுத்து.